ஒட்டுப்புல்லும் வெறுங்காலும்

மைதானத்தையோ வயல் வரப்பையோ கடந்து வந்தவர்கள் எங்காவது உட்கார்ந்து, வேட்டி ஓரத்தில் ஒட்டியிருக்கும் புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவதைப் பார்த்திருப்பீர்கள். திட்டிக்கொண்டேதான் பிடுங்குவார்கள். அந்தப் புல்லை வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு மனிதரோடு நான் முப்பது வருஷங்களுக்கு மேல் குடித்தனம் செய்தேன்.

அவர் பெயர் நாகேஸ்வரன். திருவனந்தபுரம் எம்.ஜி. ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் ஃப்ரேம் காட்டி விற்கிறவர்கள் இருப்பார்கள். இவர் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்கு வெட்டி, ஓரம் தேய்த்துப் பொருத்துவார். சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்து வரும்போது சட்டைக் கையில் அரிசிமாவு மாதிரி கண்ணாடித் தூள் படிந்திருக்கும். வாசலில் நின்று உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் பார்ப்பது காதைத்தான். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கிறவர்கள் உலகத்தில் அபூர்வம் என்பார். கல்யாண வீடுகளில் என் பக்கம் சாய்ந்து, "அந்த மாப்பிள்ளைக்கு இடது காது இறக்கமாக்கும். எந்தக் கண்ணாடி போட்டாலும் சரியும், பாரு" என்று முணுமுணுப்பார். நான் சிரிப்பை அடக்கப் படுகிற பாட்டை ஓரக்கண்ணால் ரசிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் காதைத்தான் பார்த்தாராம். "ரெண்டும் சமம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார்.

யாரிடமும் எதையும் கேட்டு வாங்குகிற சுபாவம் கிடையாது. இலையில் உப்புக் குறைந்தால்கூட வாய் திறக்கமாட்டார். எழுந்து போய்த் தானே எடுத்துக்கொள்வார்.

சர்க்கரை அவருக்கு நடுவயதிலேயே வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது பாதங்களை எடுத்துக்கொண்டு போயிற்று. வலி ஏதும் இல்லை. வலி இல்லாததுதான் வியாதி. ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் பித்தளைக் குமிழ் ஒன்று மின்னியது. நோட்டீஸ் பலகையில் குத்துகிற பின் ஒன்று, தலை வரை ஏறியிருந்தது. அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இனி வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள்ளும் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்கிற, கறுப்பு ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வந்தது. எங்கள் வீட்டுக்குள் அதுவரை யாரும் செருப்போடு நடந்ததில்லை. சுவாமி அலமாரிப் பக்கம் வரும்போது தள்ளி நின்று, தப்புச் செய்தவர் மாதிரி கும்பிடுவார். கோயிலுக்குப் போவது நின்றது.

"தரையே இல்லாத மாதிரி இருக்கு சீதே," என்றார் ஒருமுறை. "பஞ்சுல வைக்கறேனா, மேகத்துல வைக்கறேனான்னு தெரியலை."

மிதப்பது சுகம் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு மிதந்து மிதந்து அலுத்துப்போயிருந்தது. சில நாள் காலையில் விழித்ததும் முகம் தெளிந்திருக்கும். "இன்னிக்கு ஈரமணல்ல நடந்தேன்" என்பார். இன்னொரு நாள், வெயிலில் காய்ந்த கருங்கல். கனவில் அவருக்குப் பாதங்கள் இருந்தன. எழுந்து செருப்பை மாட்டுகிறவரைக்கும் அந்த ஈரம் இருக்குமாம்.

கடைக்காரர்கள் அவ்வப்போது பொன்முடிக்குப் போகிற வழியில், வித்துராவில் கண் பரிசோதனை முகாம் நடத்துவார்கள். ஒரு முகாம் முடிந்து, வண்டி வருகிறவரை பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கணுக்காலுக்கு மேலே, உணர்ச்சி இன்னும் மிச்சமிருந்த இடத்தில், சுருக்கென்று ஏதோ குத்தியிருக்கிறது. பார்த்தால் வேட்டி ஓரம் முழுக்கப் புல்விதை. கடையில் பில் போடும் ரெம்யா என்ற பெண் சிரித்திருக்கிறாள். "அய்யோ சாரே, அது ஸ்நேகப்புல்லல்லே! பிடிச்சா விடில்லா!" நம் ஒட்டுப்புல்லுக்கு மலையாளத்தில் அந்தப் பெயர்.

அன்று அவர் வீட்டுக்கு வந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது.

"சீதே! குத்தித்து!"

"எங்கே? ஆணியா? ரத்தம் வந்துதா?" என்று நான் பதறிப்போய் அவர் காலைப் பிடித்தேன்.

"புல்லுடீ. கணுக்கால்கிட்ட. நன்னா வலிச்சுது!"

பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நின்றார்.

ஃப்ரேமின் சின்னத் திருகாணிகளைப் பார்ப்பதற்கு அவரிடம் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. வேட்டியிலிருந்து ஒரு விதையை எடுத்து அதன்கீழ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குத் துரும்பு. கண்ணாடிக்குக் கீழே அது ஒரு நகை. மூன்று மணிகள் ஒரே காம்பில் சேர்ந்திருந்தன. இரண்டு மணிகள் கருஞ்சிவப்பு. நடுவில் இருந்ததற்கு மட்டும் மெல்லிய மீசை. அடியில் ஊசிபோல் கூர்ந்து, அந்த ஊசியைச் சுற்றிப் பொன்நிற ரோமம், எல்லாம் மேல்நோக்கிப் படிந்து. உள்ளே போனால் திரும்பி வராத ஊசி.

"யார் தேச்சா இந்த ஓரத்தை?" என்றார். லென்ஸ் ஓரம் தேய்க்கிறவரின் கேள்வி அது.

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் கிணறும் கொஞ்சம் கொல்லையும் உண்டு. கொல்லைக் கதவைத் திறந்தால் இரண்டு வரிசை வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சந்து. குளத்துக்கும் கோயிலுக்கும் குறுக்குவழி என்பதால் அதில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். மறுநாள் காலை அவர் கொல்லைக் கதவைத் திறந்தபோது, சந்தின் நடுவில் அதே புல். விரல் நீளம்கூட இல்லாத இலைகள் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. அவற்றிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சிவந்த தண்டுகள் நிமிர்ந்து, நுனியில் அந்த மணிகளை ஏந்தியிருந்தன. கிழக்கு வெயில் சந்துக்குள் விழும் கொஞ்ச நேரத்துக்கு, செம்பு நிறத்தில் ஒரு புகை தரையை விட்டு எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

"இத்தனை வருஷமா இதுமேலதான் நடந்திண்டிருந்தோம்," என்றார் மெதுவாக.

அன்றிலிருந்து காலைக் காப்பி கொல்லைக் கதவில்தான். காற்று வந்தால் அந்தப் புகை அசையும். அவர் அசையமாட்டார்.

அந்த வருஷம்தான் குடியிருப்போர் சங்கத்தில் சந்துக்கு இன்டர்லாக் கல் பதிப்பதென்று முடிவாயிற்று. மழையில் சேறாகிறது, வயதானவர்கள் வழுக்குகிறார்கள் என்பதெல்லாம் நியாயம்தான். சங்கத்துக்குச் செயலாளர் ஸ்ரீநிவாஸ், எதிர்வரிசை வீட்டுக்காரர், எங்களைவிட இளையவர். அவர் வீட்டு முன்னறையில் கூட்டம். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் சமயத்தில் என் கணவர் தொண்டையைச் செருமினார். அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அறையே திரும்பியது.

"நவராத்திரி கழிஞ்சு வேலையை ஆரம்பிக்கலாமா? சந்துல ஒரு புல்லு இருக்கு. அதை எங்காத்துக் கொல்லைக்கு மாத்திக்கணும்."

"புல்லா மாமா? எது, அருகம்புல்லா?" என்றார் ஸ்ரீநிவாஸ் மரியாதையோடு.

"இல்லை. ஒட்டுப்புல்லு."

யாரோ இருமுகிற சாக்கில் சிரித்தார்கள். அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மி மாமிக்கு அந்தச் சாக்கெல்லாம் தேவையில்லை. "நன்னாயிருக்கு! பத்து வருஷமா நான் புடவையிலேந்து பிடுங்கிப் போட்டதை இவர் பயிர் பண்ணப்போறாராம். பொங்கல் வைப்பேளா, நைவேத்தியம் உண்டோ?"

அவர் காது சிவந்துவிட்டது. ஆனால் உட்காரவில்லை. ஸ்ரீநிவாஸ்தான், "சரி மாமா. நீங்க ஒண்ணும் கேக்காத மனுஷன். கேட்டுட்டேள், நவராத்திரி கழிஞ்சே ஆகட்டும்" என்றார்.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத புல் அல்ல அது. வித்துராவில் ஒரு மைதானமே நிறைந்திருக்கிறது. ஆனால் கோயில் போயிற்று, குளக்கரை போயிற்று, கடைக்கும் வாரத்தில் பாதி நாள்தான் என்று அவருடைய ஊர் சுருங்கிக்கொண்டே வந்து கொல்லைக் கதவில் நின்றிருந்தது. அந்தக் கதவருகே அது இருக்க வேண்டும். கல் பதிப்பதற்குள் கொல்லையில் வேர் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது.

முதலில் தொட்டியில் வைத்தார். சாணி உரம், தென்னைநார்த் தூள், காலையும் மாலையும் தண்ணீர். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. புல் கிடுகிடுவென்று வளர்ந்தது. இலைகள் நீண்டு, வெளுத்து, தங்கள் பாரம் தாங்காமல் தொட்டிக்கு வெளியே தலை தொங்கின. பூத்தண்டு ஒன்றுகூட வரவில்லை. பிறகு வேர் அழுகியது.

அடுத்தது தரை. கிணற்றுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, உரம் கலந்து நட்டார். உரத்தின் வாசனை ஊரிலுள்ள களைகளையெல்லாம் கூப்பிட்டது. அகன்ற இலைப் புல் வந்தது, கீழாநெல்லி வந்தது, பெயர் தெரியாத கொடிகள் வந்தன. அவற்றைப் பிடுங்கினால் பின்னிக்கொண்டு இவருடைய புல்லும் கையோடு வந்தது.

"சீக்காளிக் குழந்தை மாதிரி இருக்கே," என்றேன்.

"சீக்கு நானாக்கும்," என்றார்.

சந்தில் இருப்பதையாவது கல் பதிக்கிறவரை காப்பாற்ற வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். நன்றாகச் செழித்திருந்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் கயிறு கட்டினார். போதாதென்று, சுற்றிலும் என்னை ஓர் இழைக்கோலம் போடச் சொன்னார். எங்கள் தெருவில் கயிற்றைத் தாண்டுவார்கள். கோலம் போட்டு அடைத்த இடத்தை யாரும் மிதிக்கமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து சந்தில் நடக்கிறவர்கள் சுவரோரமாகப் புடவையை இடுக்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் விஜயலக்ஷ்மி மாமியின் கால் தவறி உள்ளே பட்டுவிட்டது. மாமி குனிந்து புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் எதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினோம் என்பது உறைத்து, "சிவ சிவ, என்னையும் பைத்தியமாக்கியாச்சு!" என்று கத்தினார்.

ஆடி பிறந்து, கர்க்கடக மழை விட்ட ஒரு காலை. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவர் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சீதே, இங்க வா. நாம என்ன பண்ணி வச்சிருக்கோம் பாரு."

கயிற்றுக்குள்ளே முழங்கால் உயரத்துக்குக் களை. அதை விலக்கிப் பார்த்தால், வெயில் படாமல் சோகை பிடித்த நாலைந்து இழைகள். வெளியே, எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கி நடந்த சுவரோரத்தில், முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒட்டுப்புல் இறுக்கமாகப் பாய் விரித்திருந்தது. கால் பட்ட இடத்தில் மற்றவையெல்லாம் நசுங்கிச் செத்திருந்தன. இது மட்டும் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பரவியிருந்தது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "தெருவே சேர்ந்து மிதிக்காம காப்பாத்தித்து! மிதிச்சாதான் ஜீவிக்கும்போல இருக்கு இது!"

நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்தபோது இருவர் கண்ணும் அவருடைய கறுப்புச் செருப்பில் போய் நின்றன.

"செருப்போட மிதிச்சா ஆகாதா?" என்றேன்.

கொல்லையில் இருந்த பாத்தியில் முயன்று பார்த்தார். காலை எங்கே வைக்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமல் வைக்கிற கால். ரப்பர் ஓரம் இழுத்துக்கொண்டு போய், நட்ட வேர்களைப் பெயர்த்துவிட்டது. குனிந்து அவற்றைத் திரும்பப் பதித்தார். மறுபடி முயலவில்லை.

அதனால் நான் நடந்தேன்.

இந்தப் புல்லை வளர்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விதையைவிடக் கணுவுள்ள தண்டு நல்லது. தரையோடு ஓடும் தண்டை மண்ணோடு பெயர்த்து, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். நல்ல மண் கூடாது. செம்மண்ணும் சரளையும் போதும். உரம் வேண்டாம். வேர் பிடிக்கிறவரை தண்ணீர், அப்புறம் மழையே போதும். வெயில் வேண்டும். பிறகு வெறுங்காலோடு, இழுக்காமல், திருகாமல், தினமும் நடக்க வேண்டும். இதெல்லாம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. உரமிட்ட மண்ணையெல்லாம் வாரி எறிந்துவிட்டு மறுபடி நட்டோம்.

குளித்துவிட்டு ஈரக்காலோடு நான் பாத்தியில் நடப்பேன். அவர் கதவோரம் காப்பியோடு உட்கார்ந்திருப்பார்.

"எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதானா என்று கேட்டால் அதற்குமேல் பார்க்க வேண்டியிருந்தது. பாதத்தால் பார்க்க நான் அதுவரை பழகியதில்லை. குதிகாலுக்குக் கீழே சொரசொரப்பு, பூனை நாக்கு மாதிரி. கிணற்றுப் பக்கம் ஈரம் நின்று மெத்தென்று இருக்கிறது. நடுவில் ஒரு தட்டு அகலத்துக்கு வெதுவெதுப்பு, மாமரக் கிளைக்கு நடுவே வெயில் இறங்குகிற இடம். விரல் இடுக்கில் ஓர் இழை மாட்டி, விட்டுப்போகிறது. சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொள்வார். காப்பி ஆறும். சில நாட்களில் நான் சொல்லி முடித்த பிறகும் கண்ணைத் திறக்கமாட்டார். எங்கோ நடந்துகொண்டிருக்கிறார் என்று நானும் கூடவே இன்னும் கொஞ்சம் நடப்பேன். கிணற்றுக்கு மேலே தட்டான்கள் சுற்றும்.

நவராத்திரி முடிந்து, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் கல் பதிக்க வந்தார்கள். மேஸ்திரி பெயர் திரவியம். சந்தின் புல்லையெல்லாம் கொத்தி எறிவதற்கு முன் சில பத்தைகளைப் பெயர்த்துத் தரும்படி இவர் அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எது சாமி, இந்த ஒட்டுப்புல்லா?" திரவியம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "எங்க ஊருல இதக் கண்டா வேட்டியத் தூக்கிக் கெட்டிக்கிட்டு ஓடுவோம். நீங்க வீட்டுக்குள்ள கூப்புடுதீயளே!"

"எனக்கு ஓட முடியாதே," என்றார் இவர்.

திரவியம் சிரித்துவிட்டு, தோசை எடுக்கிற மாதிரி பத்தை பத்தையாக அடிமண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து பாத்தியில் பதித்தார். அன்று சாயங்காலத்துக்குள் சந்து முழுவதும் சாம்பல் நிறக் கல்லாகிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

பாத்தியில் இருப்பதுதான் இனி மிச்சம். ஐப்பசி பிறந்து, துலா மாத மழை ஆரம்பித்தது. மழை நாளில் களை ராத்திரியோடு ராத்திரியாக வளர்கிறது. நான் ஒருத்தி, கனமில்லாத உடம்பு, முழங்கால் வலி. எவ்வளவு நடந்தாலும் கிணற்றோரம் ஒரு திட்டு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. நல்ல பத்தைகளும் தரையைப் பிடிக்காமல், எடுத்தால் வந்துவிடுகிற மாதிரி கிடந்தன.

"நாலு பேரைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னா என்னன்னா? விஜயலக்ஷ்மி மாமிகிட்ட நான் சொல்றேன்."

"ஒரு தடவை கேட்டாச்சு சீதே. போறும்."

"புல்லு போயிடுமே."

அவர் மஞ்சள் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்ப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. அன்று மழையில் நனைந்துகொண்டே மறுபடி நடந்தேன். "ஜன்னி வந்துடும், உள்ள வா" என்று அவர் கூப்பிடக் கூப்பிட நடந்தேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தார். காப்பி போட்டுக்கொண்டு போய் எழுப்பினேன். முகம் காலையில் விழிக்கும்போது சில நாள் இருக்குமே, அப்படித் தெளிந்திருந்தது. செருப்பு கட்டிலுக்குக் கீழே ஜோடியாக இருந்தது.

பெங்களூரிலிருந்து மகன் ஹரிஷங்கர் வந்தான். வலியசாலையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பங்காளிகள் வந்தார்கள். எங்கள் வழக்கப்படி வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் நடந்து, கொல்லைக்குப் போய்க் கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பி வருவார்கள். பத்து நாள் காரியமும் கிணற்றங்கரையைச் சுற்றித்தான். சாஸ்திரிகள் நடந்தார். பங்காளிகள் ஈர வேட்டியோடு நடந்தார்கள். சமையல்காரர்கள் தவலை தவலையாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள், சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பதால், பேச்சை முடிக்காமலே எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் காலை அலம்பிக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு முகங்கள் ஒன்றும் நினைவில்லை. கால்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சப்சப்பென்று ஈரக்கால்கள். வருகின்றன, போகின்றன. தூக்கமும் விழிப்புமாக இருந்த அந்த நாட்களில் அது மழையா, கால்களா என்றுகூட எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் நான் கொல்லைக்குப் போனேன். பாத்தி இருந்த இடமே தெரியாமல் மிதிபட்டிருந்தது. போயிற்று என்று நினைத்துக் குனிந்தேன். களைகள் எல்லாம் கூழாகி மண்ணோடு மண்ணாகியிருந்தன. அவற்றின் நடுவே, தரையில் அறைந்து வைத்த மாதிரி, ஒட்டுப்புல். ஓர் இழையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். மண் வந்தது, புல் வரவில்லை. மஞ்சள் திட்டைத் தேடினேன். எது அந்த இடம் என்று அடையாளம் தெரியவில்லை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அழாததையெல்லாம் அங்கேதான் அழுதேன்.

இரண்டாம் மாசிகத்துக்குள் அது பூத்தது. பாத்தியைத் தாண்டிக் கிணற்றடி வரை சிவந்த தண்டுகள். மாசிகத்துக்கு வந்தவர்கள் போகும்போது வாசலில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மடிசார் கட்டியிருந்தவர்கள் பாடுதான் பாவம். மதுரைக்காரர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே கிளம்பிப்போனார்கள்.

ஹரியும் வேட்டியைப் பார்த்து முகம் சுளித்தான். "அம்மா, திரவியத்துகிட்ட பேசிட்டேன். கொல்லையையும் இன்டர்லாக் பண்ணிடலாம். நீ தனியா இருக்கே. மழையில ஸ்லிப் ஆயிட்டா யார் பாக்கறது?"

அவன் சொல்வதில் பிசகில்லை. அவனுக்கு அப்பாவின் புல் ஆசை ஃபோனில் கேட்ட வேடிக்கை. அவ்வளவுதான் தெரியும். நான் அவனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடக்க வைத்தேன். அங்கேயும் இங்கேயுமாக ஒரு சுற்று.

"வழுக்கறதா?"

"இல்லை," என்றான். காலை அழுத்திப் பார்த்தான். "கார்ப்பெட் மாதிரி கிரிப்பா இருக்கு. ஆனா குத்தறதும்மா."

"குத்தட்டும். உனக்குக் குத்தறதே, அதுக்கு சந்தோஷப்படு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு திரவியத்துக்கு ஃபோன் செய்து, கிணற்றைச் சுற்றி மட்டும் கல் போட்டால் போதும், நடுவில் இருப்பதைத் தொட வேண்டாம் என்றான்.

ஒரு வருஷத்துக்கு மாசிகம் உண்டு. மாதம் ஒருமுறை ஆள் வரும். அப்புறம்? நான் ஒருத்தி நடந்து ஆகாது என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். யோசித்துப் பார்த்து, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போடுவதை நிறுத்தினேன். எங்கள் தெருவில் யாரும் செய்யாத காரியம். குளத்துக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் சந்தைச் சுற்றாமல் எங்கள் வீட்டுக்குள் புகுந்து கொல்லை வழியாகக் குறுக்கே போகலாம் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். செருப்பை மட்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் கேட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொரு வாசலிலும் முதலில் வேறெதையாவது பேசிவிட்டுத்தான் அதைச் சொன்னேன்.

ஸ்ரீநிவாஸ் முதல்நாள் சங்கோஜத்தோடு வந்தார். இப்போது விடியற்காலை நடைதிறப்பில் நிர்மால்யம் தொழப் போகிற கூட்டம் எங்கள் கூடத்தின் வழியாகத்தான் போகிறது. சிலர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

விஜயலக்ஷ்மி மாமி தினமும் இரண்டு தடவை. போகும்போது ஒன்றும் சொல்லமாட்டார். வரும்போதுதான் அர்ச்சனை.

"என்ன கர்மம் இது சீதா! உங்காத்துக்குள்ள வந்தா பட்டுப்புடவைகூட முள்ளம்பன்னி ஆயிடறது. சுவாமியைப் பார்த்துட்டு வந்து அரைமணி நேரம் இதைப் பிடுங்கிண்டிருக்கேன்."

"சந்து வழியா போங்கோளேன் மாமி. கல்லு போட்டு நன்னாத்தானே இருக்கு."

"சும்மா இரு. உன் புல்லுல அந்தப் பக்கம் சரியா மிதி படலை, ஓரமா களை வந்திருக்கு. பார்த்தியோ?" என்று சொல்லிவிட்டு மாமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே மறுபடி ஒருமுறை நடந்தார்.